உரைத்த இடம்

"தெரிஞ்சுதான் ஆகணுமா?"

கல்லோடு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து நாலாக மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரிப்பார். உள்ளே மஞ்சளாக ஏதோ ஒன்று தெரியும். அப்போது கேட்பார். குரலில் எச்சரிக்கை எதுவும் இருக்காது. காப்பிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் பதில் வரும்வரை அவர் கை கல்லின் பக்கம் போகாது.

நான் அவரை லேப் அக்கா என்று கூப்பிட்டேன். ஒரு கல்லூரியில் நிலவியல் துறையின் ஆய்வகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் உதவியாளராக இருந்தவர். மாணவர்கள் வருவதற்கு முன் கற்களைத் தட்டில் அடுக்கி வைப்பதும், அவர்கள் போன பிறகு கழுவித் துடைத்து அந்தந்தப் பெட்டியில் திரும்ப வைப்பதும்தான் வேலை. அடுக்கி அடுக்கியே அவருக்குக் கற்கள் பழகிவிட்டன. கடைசிக் காலத்தில் பாடம் நடத்துகிறவர்களே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கல்லை நீட்டுவார்களாம். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவரைத் தேடி வந்த பழைய மாணவர் ஒருவர் சொன்னது.

லஸ் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் அப்போது வேலை பார்த்தேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. ஒரு மத்தியானம் அவர் கடைக்கு வந்து, கட்டைவிரல் அளவுள்ள ஒரு மடக்குப் பூதக்கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். லென்ஸ் வளையத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பசை போட்டு ஒட்டிவிட முடியுமா என்று கேட்டார்.

"ஒட்டாதீங்கம்மா. ஒட்டினா பசை லென்ஸ்ல ஏறி மங்கிடும். வளையத்த லேசா நெருக்கிவிட்டாப் போதும்."

நெருக்கிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. பைக்குள் கைவிட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, அதிலிருந்த சின்னக் கல்லோடு சேர்த்துப் பூதக்கண்ணாடியை என்னிடமே நீட்டினார். "நீங்க பாருங்க. ஓரம் தெளிவா இருக்கா?"

பார்த்தேன். மஞ்சளாக ஒரு மலை. அதில் சரிவுகள், குகைகள், வெள்ளைப் பாறைக்குள் ஓடி மறைகிற ஒரு மஞ்சள் வாய்க்கால். கடைக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எங்கோ தொலைவில் கேட்டது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"தங்கமா?" என்றேன்.

"தெரிஞ்சுதான் ஆகணுமா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "இல்ல, சும்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியை மூடினார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாங்களேன்" என்று ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு முட்டுச்சந்தைச் சொன்னார்.

அப்படித்தான் போக ஆரம்பித்தேன்.

கீழ்த்தளத்தில் இரண்டு அறை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதாமரம். பெரிய இலைகளின் வழியாக வருகிற வெளிச்சம் அறைக்குள் வரும்போது லேசாகப் பச்சை ஏறியிருக்கும். மேஜைமேல் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். அதன் ஒளி கூரையில் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கும். காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு அந்த மேஜை முன்னால் உட்காருவார். வெளிச்சம் இருக்கும்வரைதான். டியூப் லைட்டில் எந்தக் கல்லையும் பார்க்கமாட்டார். "அது எல்லாத்தையும் ஒண்ணாக்கிடும்" என்பார். யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாழைப்பழம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வார்.

வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நம்பிக்கையோடுதான் வருவார்கள். மலைக்குப் போனபோது எடுத்தது, கிணறு தோண்டும்போது வந்தது, ஆற்று மணலில் மின்னியது. அவர் கல்லை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கனத்தைப் பார்ப்பார். அப்புறம் இன்னொரு கையைக் குடைபோல அதன்மேல் கவிழ்ப்பார்.

"வெயில்ல எல்லாமே தங்கம்தான். நிழல்ல பாக்கணும்."

பாதிக் கற்கள் அங்கேயே அணைந்துபோகும். வெயிலில் திருப்பத் திருப்பப் பளிச்சிட்டதெல்லாம் கை நிழலுக்குள் வந்ததும் சாம்பல் பூத்துவிடும். காக்காப்பொன் என்றால் நகத்தால் கீறினாலே செதிள் செதிளாக வந்துவிடும். இன்னும் சில கற்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அவற்றை ஒரு பாத்ரூம் டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் இழுப்பார். மஞ்சள் கல் கறுப்பாகக் கோடு போடும். தங்கம் தங்கமாகவே கோடு போடும். புடவை ஊக்கைக் கழற்றி அதன் நுனியால் ஓர் ஓரத்தில் குத்துவார். மற்றது பொடியும். தங்கம் மெழுகைப்போல ஊசியை வாங்கிக்கொள்ளும்.

"தங்கம் கண்ணடிக்காது" என்று ஒருமுறை சொன்னார். "யாரையும் கூப்பிடணும்னு அதுக்கு இல்ல. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி சும்மா இருக்கும்."

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்த ஞாயிறு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேஜைமேல் டொக்கென்று வைத்தார். எலுமிச்சம்பழம் அளவில், வழுவழுவென்று, பழுப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. வலையில் வந்ததாம்.

"தெரிஞ்சுதான் ஆகணுமா?"

"பின்ன இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வெயில்ல நடந்து வந்துக்கிறேன்? சொல்லு தாயி."

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தார். ஊக்கால் கீறினார். கைத்தராசில் நூலால் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தார். அந்த அம்மா கூரையில் ஆடுகிற ஒளி வட்டத்தைப் பார்த்தபடி, கடலில் இருப்பவர்போல, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பித்தளைம்மா. ஏதோ கப்பல்ல இருந்த துண்டு. உடைஞ்சு கீழ போயி, கடல்ல உருண்டு உருண்டு மூலையெல்லாம் கரைஞ்சிருக்கு. எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது. அம்பது இருக்கலாம். எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலமாவும் இருக்கலாம்."

"தங்கம் இல்ல."

"இல்ல."

"கப்பலு."

"கப்பல்."

அந்த அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க ஆளு வலைல கப்பலு மாட்டிக்கினு வந்துக்கீது" என்று தனக்குள் சொல்லிச் சிரித்தார். அடுத்த வாரம் ஒரு துண்டு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்கா சொன்னார்: "இல்லன்னு மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. என்னன்னு சொல்லணும். எல்லாக் கல்லும் ஏதோ ஒண்ணுதானே."

அடையாறிலிருந்து ஒருவர் வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சின்ன எவர்சில்வர் டப்பாவில் பஞ்சுக்குள் ஒரு கல்லை வைத்திருந்தார். மூடியைத் திறப்பார். அக்கா கேள்வியைக் கேட்பார். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்திருந்துவிட்டு, "அடுத்த வாரம் பாக்கலாம் மேடம்" என்று மூடிவிடுவார். நாலு ஞாயிறு இப்படியே நடந்தது. ஐந்தாவது ஞாயிறு அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

"பயந்துட்டார்" என்றேன் நான்.

"பயம்னு ஏன் சொல்றீங்க? இப்போ அவர்கிட்ட ஒண்ணு இருக்கு. அது என்னன்னு தெரியாத வரைக்கும் அது அவரோடது மட்டும்தான். நான் ஒரு பேர் சொல்லிட்டேன்னா அப்புறம் அது ஊர்க் கல்லு."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா, அது என்னன்னு?"

"டப்பாவத் திறந்ததுமே."

அது என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. பஸ்ஸில் போகும்போதும் கோயில் வாசலில் நிற்கும்போதும் அவர் பெண்களின் முகத்துக்குக் கீழே பார்க்கமாட்டார். பேசுகிறவர்களின் நெற்றியைப் பார்ப்பார், இல்லையென்றால் வெளியே பார்ப்பார். தலைக்கனம் என்று சிலர் நினைத்தார்கள். நான் கேட்டபோது கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"சொந்தத்துல ஒரு கல்யாணம். வாழ்த்து சொல்லலாம்னு பொண்ணுகிட்டப் போனேன். கழுத்துல மூணு வரி சங்கிலி. அத்தனையும் கவரிங். என் கண்ணு பாத்துடுச்சு, நான் என்ன பண்ணட்டும்? வாயத் திறக்கல. ஆனா அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துட்டா. அவளுக்கே அதுவரைக்கும் தெரியாது. மேடையில நின்னுக்கிட்டே கைய எடுத்துக் கழுத்த மூடிக்கிட்டா."

கிண்ணத்துத் தண்ணீரை ஜன்னல் வழியாக மரத்தடியில் ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்கப் போனார்.

தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் நகைக்கடை வைத்திருந்தவர் ஒருவரும் வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா காலத்துக் கடை. ஒருமுறை கட்டைவிரல் நுனி அளவில் ஒரு தங்கக் கட்டியைக் கொண்டுவந்தார். காட்டாற்றில் கிடைத்தது என்று யாரோ அவரிடம் விற்றிருந்தார்கள். இயற்கையாகக் கிடைத்த கட்டி என்று அக்கா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதற்கென்றே ஆசைப்பட்டு வாங்குகிற ஆள் ஒருவர் இருக்கிறாராம்.

அக்கா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். "குட்டிக் குட்டியா வட்டக் குழி தெரியுதா? உருக்கி ஊத்தும்போது குமிழ் வெடிச்சது. அடிப்பக்கம் தட்டையா இருக்கு பாருங்க. எங்கயும் துளிக் கல்லோ மண்ணோ ஒட்டல. நல்ல தங்கம்தான். ஆனா பொறந்தது இல்ல, ஊத்தினது."

"தங்கந்தானக்கா? அதுல பொய் ஒண்ணும் இல்லல்லா?"

"தங்கம் பொய் இல்ல தம்பி. அது சொல்ற ஊரு பொய்."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதை உருக்கிவிட்டதாகப் பிறகு ஒருநாள் சொன்னார். அதன்பின் எதை வாங்குவதானாலும் ஒரு நடை வந்துவிட்டுத்தான் வாங்குவார்.

இதெல்லாம் நான் வேடிக்கை பார்த்தவை. எங்கள் வீட்டுக் கல்லுக்கு வருகிறேன்.

அப்பா லாரி டிரைவராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன், கிளீனராக இருந்த காலத்தில், கூடலூர்ப் பக்கம் தேயிலை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். தேவாலா அருகே வண்டி ரிப்பேராகி இரண்டு நாள் நின்றுவிட்டது. அங்கே ஓடையில் மரத்தட்டில் மணலை அலசித் தங்கம் எடுக்கிறவர்கள் இருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் இவரும் அவர்களோடு இறங்கி மணல் வாரிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இவர் வாரின மண்ணில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, பாதி வெள்ளைக் கல்லோடு வந்தது. வாரினவனுக்குத்தான் என்று அவர்கள் கொடுத்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில், "இதை உருக்கி உனக்கு ஒரு சங்கிலி பண்ணிக்கோ" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை நகைக்கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். காக்காப்பொன்.

எங்கள் வீட்டில் இது கதையாகவே ஆகிவிட்டது. அப்பா ஓடையில் இறங்குகிற பகுதியைச் சொல்வார். கடைக்காரர் சிரித்த பகுதியை அம்மா சொல்வாள். தீபாவளிக்கு நல்ல புடவை எடுத்துத் தருகிறேன் என்று அப்பா சொன்னால், "காக்காப்பொன்னு" என்பாள் அம்மா. உறவுக்காரர்கள் அப்பாவைக் கேலி செய்யவும் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவர் அப்பாதான்.

அப்பா இறந்துபோன மறு வருடம் பீரோவை ஒழிக்கும்போது ஒரு தைல டப்பாவுக்குள் அது கிடைத்தது. கடையில் வைத்து லென்ஸில் பார்த்தேன். தங்கம் மாதிரிதான் இருந்தது. ஆனால் சொல்லத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று அம்மாவை ராயப்பேட்டையிலிருந்து அழைத்துக்கொண்டு கிளம்பி, வழியில் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

டப்பாவைத் திறந்து வைத்ததும் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தெரிஞ்சுதான் ஆகணுமா?"

"ஆமாக்கா."

"வாணாம்" என்றாள் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. "வாணான்னா வாணாம். எட்து உள்ள வை. இன்னாத்துக்கு இப்போ அது?"

அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "பொருள் ரெண்டு பேரோடது. ரெண்டு பேரும் சொல்லட்டும்."

டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். எனக்கு அம்மாவைவிட அக்காமேல்தான் ஆத்திரம். அரை நிமிஷ வேலை. நிழலில் பிடித்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே தெரிந்தும் இருக்கும். அப்பாவை ஒரு ஊரே கேலி செய்தது, அதை ஒரே வார்த்தையில் மாற்றியிருக்கலாமே என்று மனசுக்குள் அவரோடு சண்டை போட்டேன். மூன்று ஞாயிறு அந்தப் பக்கம் போகவில்லை.

நாலாவது ஞாயிறு, சாப்பிட்டு முடித்ததும், அம்மா வெளுத்த புடவையை மாற்றி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் டப்பா. "வா" என்றாள்.

அக்கா வீட்டில் அவர் கேட்பதற்கு முன்பே பேசினாள். "பாரு மேடம். நான்தான் சொல்றேன். பாரு."

அன்றைக்கு மழை வருவதுபோல் இருந்தது. வாதாமர இலைகள் அசையவில்லை. அக்கா கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். கையைக் கவிழ்த்து நிழலில் பார்த்தார். ஊக்கு நுனியை ஓரத்தில் வைத்து அழுத்தினார். நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினார். கட்டி கிண்ணத்துக்குள் மெதுவாகச் சுற்றியது, வெள்ளைப் பக்கம், மஞ்சள் பக்கம், வெள்ளைப் பக்கம். அறையில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது. அப்புறம் அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னலோரம் போய் நின்றார். அங்கே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

திரும்பி வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கம்தாம்மா."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இயற்கையா வந்த தங்கம். கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கு, அதான் வெளுப்பா தெரியுது. மண்லேர்ந்து வர்றது அப்படித்தான் இருக்கும். இந்த வெள்ளைக் கல்லு அதோட கூடவே பொறந்தது. ஓரமெல்லாம் இன்னும் முழுசா மழுங்கல பாருங்க, ஆத்துல ரொம்ப தூரம் உருளல. மலைய விட்டு இறங்கினதுமே உங்க வீட்டுக்காரர் கைல சிக்கிடுச்சு."

அப்புறம் அம்மா பேசினாள். எங்கள் இருவரையும் பார்க்காமல், தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நான் கடைக்குப் போவவே இல்ல."

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கடைக்கும்மா?"

"நகைக் கடைக்கு. கொளத்தாண்ட இருந்துது, அந்தக் கடைக்கு. படி வரிக்கும் போனேன். பேப்பர்ல சுத்தி இடுப்புல சொருவிக்கினு போனேன். உள்ள பாத்தா ரெண்டு அம்மாங்க குந்திக்கினு நக பாத்துக்கினு இருக்காங்க. ரெண்டு பேர் ஊட்லயும் நான்தான் துணி வாங்கியாருவேன், எங்கப்பா இஸ்திரி போட்டா திருப்பிக் குடுக்கப் போவேன். அவங்க எதுர்ல நான் இத்த எடுத்து வெச்சா இன்னா கேப்பாங்க? இஸ்திரிக்காரன் பொண்ணுக்குத் தங்கம் ஏதுன்னு கேப்பாங்க. யார் ஊட்ல எடுத்தேன்னு கேப்பாங்க. திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம்?"

"போய்ட்டு வந்தியான்னு கேட்டாரு. போவலன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு எப்டிச் சொல்றது? கடக்காரன் காக்காப்பொன்னுன்னு சிரிச்சான்னு சொல்லிட்டேன். மறுநாளு நெசத்தச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாளு அவரு அதச் சொல்லி அவரே சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எங்க சொல்றது?"

மழை தொடங்கிவிட்டது. அக்கா ஜன்னல் கதவைச் சாத்தவில்லை. கட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதை அம்மாவிடம் கொடுக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"இதுல இன்னொண்ணும் பாத்தேன்மா" என்றார். "அதையும் சொல்லணுமா?"

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்று அவர் நினைப்பதுபோல இருந்தது.

"இதுக்கு மேல இன்னா கீது" என்றாள் அம்மா. "சொல்லு."

அக்கா பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து ஓர் இடத்தைக் காட்டினார். கட்டியின் ஒரு மூலையில் கடுகளவு இடம் தட்டையாக இருந்தது. அதில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள்.

"ஆத்துல இப்படி ஆகாது. உரைகல்லுல உரைச்ச இடம் இது. கோட்டுக்குள்ள அழுக்கு ஏறியிருக்கு பாருங்க. நான் உரைக்கல. இது ரொம்பப் பழசு."

அம்மா அதை வாங்கி, கண்ணாடி இல்லாமலே, விரல் நுனியால் அந்த மூலையைத் தடவினாள்.

"உங்க வீட்டுக்காரர் யாரோ பொற்கொல்லர்கிட்டக் குடுத்துப் பாத்திருக்கார்" என்றார் அக்கா. "உங்ககிட்டக் குடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

முன்னாடி என்றால், அம்மா வந்து சொன்ன அன்றைக்கே அது பொய் என்று அப்பாவுக்குத் தெரியும். பின்னாடி என்றால், அப்பாவே ஒருநாள் தெரிந்துகொண்டு வந்து, டப்பாவில் வைத்து மூடியிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும், வருடக்கணக்காக எல்லோரோடும் சேர்ந்து சிரித்தது எல்லாம் தெரிந்துதான்.

"பாவி மனுசன்" என்றாள் அம்மா. "நான் சொல்லச் சொல்ல கூடவே சிரிச்சாரே."

அவள் சத்தம் போட்டு அழவில்லை. கட்டியைப் பொத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா எழுந்து போய் மூன்று தம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்தார். மழை விடும்வரை மூவரும் அங்கேயே இருந்தோம். கிளம்பும்போது அம்மா அக்காவின் கையைப் பிடித்து, "உன்ன நான் திட்டிக்கினு இருந்தேன், இந்த மூணு வாரமா" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அக்கா. "எல்லாரும் கொஞ்ச நாள் திட்டுவாங்க."

அதற்கு அடுத்த வருடம் அக்கா நாகர்கோவிலில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். போனில் பேசுவோம். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. அந்த முட்டுச்சந்தில் வேறு கட்டடம் வந்துவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு அந்த மேஜையைவிட முதலில் ஞாபகம் வருவது, சென்னையில் அவரோடு கடைசியாகப் போன ஓர் இடம்தான்.

மழை பெய்த அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். கட்டியைக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு வளையம் வைக்க வேண்டும், உருக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா எங்களைத் தியாகராய நகரில் அந்தத் திருநெல்வேலிக்காரர் கடைக்குக் கூட்டிப் போனார். சனிக்கிழமைக் கூட்டம். கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அம்மா தானாகவே உள்ளே போய், இரண்டு பெண்களுக்கு நடுவில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து கட்டியை எடுத்துச் சிவப்புத் துணி விரித்த தட்டில் வைத்தாள்.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "பொறந்ததாக்கா, இல்ல ஊத்தினதா?"

"அவங்களக் கேளுங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"ஆத்துல வந்துச்சு" என்றாள் அம்மா. "தங்கம். எங்க ஊட்டுக்காரரு குடுத்தது."

"மிசின்ல வச்சுப் பாத்துட்டுச் செய்றேம்மா. பத்து நாள் ஆகும்." அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "யாரு பேர்ல எழுதட்டும்?"

அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் யாராவது கேட்டால் என் தோளை இடிப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கும் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

கூட்டத்தின் சத்தத்தில் கடைக்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன பேரும்மா?" என்றார்.

அம்மா இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை சத்தமாகவே சொன்னாள். வாசலில் தெருவைப் பார்த்து நின்றிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.